எட் மேத்ஸை இப்போதே விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 3 படிக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். கடைசித் தேர்வில் அறிவியலில் ஏ, கணிதத்தில் பி. பார்மசி படிக்க வேண்டும், அதுவும் இங்கேயே பினாங்கில், யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று ஆசை. படிவம் 4-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் பாரம் வந்திருக்கிறது. எட் மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதமும் இயற்பியலும் இல்லாத பேக்கேஜை எடுத்தால் ஏ நிறைய வரும் என்று வகுப்பாசிரியை சொன்னாராம். தமிழையும் விட்டுவிடச் சொல்கிறார் என் நாத்தனார். கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பியோ அமெரிக்காவின் கால்டெக், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்கள் என்று பேசுகிறான். என் கணவருக்குப் பிறை தொழிற்பேட்டையில் வேலை. பெரிய செலவுக்கு வசதி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?
பட்டர்வொர்த் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் உள்ள பேக்கேஜில் கையெழுத்துப் போடுங்கள். தமிழையும் விடாதீர்கள். காரணங்களை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம்.

நம் காலத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பள்ளியே பிரித்து உட்கார வைத்துவிடும். 2020 முதல் படிவம் 4-இல் அந்தப் பிரிவுகள் இல்லை, பாடத் தொகுப்புகள்தான். 2022-இல் படிவம் 3-க்கான பி.டி.3 தேர்வும் ரத்து செய்யப்பட்டுவிட்டது. பிள்ளைக்கு விருப்பமானதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்று இதைச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் எந்தப் பாடத்தை விட்டால் பின்னால் எந்தப் படிப்பு போகும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் சுதந்திரம் உதவும். வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகாத குடும்பங்களில் இது தெரியாமலேயே கையெழுத்து விழுந்துவிடுகிறது. நீங்கள் கேட்டு எழுதினீர்களே, அதற்கு நன்றி.

யூ.எஸ்.எம். போன்ற அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நுழைய இரண்டு அடுக்குத் தகுதி உண்டு. ஒன்று எல்லாருக்கும் பொதுவானது: படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட், அதாவது சி-யோ அதற்கு மேலோ, வரலாற்றில் தேர்ச்சி. இது இல்லாவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் ஏ எடுத்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலர் அறிவியலிலேயே மூழ்கி மலாய்மொழிக் கட்டுரையைக் கோட்டைவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் மறுதேர்வு இருக்கிறது. ஆனாலும் அந்த அலைச்சல் எதற்கு? இரண்டாவது அடுக்கு, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக உள்ள சிறப்புத் தகுதி. உங்கள் மகளின் விஷயம் இதில்தான் இருக்கிறது.

சிறப்புத் தகுதியைப் படிக்கும்போது பெரும்பாலான பெற்றோர், எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் ஆகியவற்றின் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அதே பக்கத்தில் எஸ்.பி.எம். பாடங்களையும் கேட்டிருப்பார்கள். மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம், ஐந்திலும் குறைந்தது பி வேண்டும் என்பது மலேசிய மருத்துவ மன்றத்தின் விதி. பார்மசியும் ஏறக்குறைய அந்த நான்கையே சுற்றி வருகிறது. பொறியியலுக்கு இயற்பியலும் கணிதமும் இல்லாமல் ஆகாது. ஆக, 15 வயதில் பாரத்தில் போடும் டிக், 19 வயதில் விண்ணப்பிக்கும்போது திரும்ப வந்து நிற்கும்.

அப்புறம், நடைமுறையில் ஒரு விஷயம். கூடுதல் கணிதத்தை எடுத்துவிட்டு, சரிப்படவில்லை என்றால் படிவம் 4-இன் நடுவில் விடலாம். பல பள்ளிகள் அனுமதிக்கும். எடுக்காமல் இருந்துவிட்டு ஜூன் மாதம் ‘நானும் சேர்கிறேன்’ என்று போனால் எந்த ஆசிரியர் ஒத்துக்கொள்வார்? அதற்குள் நான்கைந்து அத்தியாயம் ஓடியிருக்கும். இறங்குவதற்கு வழி இருக்கிறது, ஏறுவதற்கு இல்லை. அதனால் சந்தேகம் இருந்தாலும் இப்போது ஏறிக்கொள்ளச் சொல்கிறேன்.

உங்கள் மகளின் வகுப்பாசிரியையைக் குறை சொல்லமாட்டேன். அதே தவறை நானும் செய்திருக்கிறேன். வழிகாட்டி ஆசிரியராக வந்த புதிதில், நிபோங் திபால் பக்கம் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பையன். படிவம் 4 அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் 23, கூடுதல் கணிதம் 9. பயந்துபோய் என்னிடம் வந்தான். பிள்ளையின் மனம் நொந்துபோகக் கூடாது என்று நினைத்து, இரண்டையும் விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கச் சொன்னேன். எஸ்.பி.எம்.மில் நல்ல ரிசல்ட்தான். வீட்டில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பிறகுதான் அவனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மேல் ஆசை வந்தது. யூ.எஸ்.எம்.மின் பொறியியல் வளாகம் அவன் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரம். ஆனால் நேரே விண்ணப்பிக்க வழியில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, அதைக் காட்டித்தான் பின்னால் பட்டப்படிப்புக்குள் போனான். இன்று நன்றாக இருக்கிறான். என்னைப் பார்த்தால் ‘சார், அந்த 9 மார்க்’ என்று சிரிப்பான். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அந்த 9 மார்க் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கும் அது வரும். கூடுதல் கணிதத்தில் முதல் தேர்வு பலருக்கு ஒற்றை இலக்கம்தான். படிவம் 3 வரை கணக்கு என்றால் பெரும்பாலும் எண்ணைப் போட்டு விடை எடுப்பது. படிவம் 4-இல் முதல் அத்தியாயமே சார்புகள். எண்ணே இல்லாமல் எழுத்துகளை வைத்து யோசிக்க வேண்டும். அடுத்து இருபடிச் சார்புகள், சமன்பாட்டுத் தொகுதிகள், அதற்கடுத்து அடுக்குக்குறியும் மடக்கையும். இதில் விழுகிற பிள்ளைகளின் தாளை வாங்கிப் பாருங்கள். புதிய பாடம் புரியாமல் விழுந்தவர்கள் குறைவு. கேள்வியை வரிசையாக ஆரம்பித்து மூன்றாவது வரியில் ஒரு குறியை மாற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது காரணிப்படுத்தத் தெரியாமல் பேனா அங்கேயே நின்றிருக்கும். அது படிவம் 2 பாடம். அங்கே விட்ட ஓட்டை இங்கே ஒழுகுகிறது.

இதை வீட்டிலேயே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் சூத்திரத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: செல்சியஸை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32 கூட்டினால் பாரன்ஹீட். இப்போது அதைத் திருப்பி, செல்சியஸ் மட்டும் ஒரு பக்கம் தனியாக நிற்கும்படி எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, விடையைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். முதலில் 32-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோகிறாளா, அல்லது அவசரப்பட்டு 5-ஆல் பெருக்கி 32-ஐ மறந்துவிடுகிறாளா? தடுமாறாமல் எழுதினால் அவளுக்குக் கூடுதல் கணிதம் வரும். அந்த பி கவனக்குறைவில் வந்த பி. தடுமாறினால் இந்தப் பள்ளி விடுமுறையில் படிவம் 2, 3 புத்தகங்களின் இயற்கணித அத்தியாயங்களை மட்டும் திரும்பப் போட வைக்க வேண்டும். புதுப் புத்தகத்தை முன்கூட்டியே படிக்க வைக்கும் டியூஷனுக்குப் பணம் கட்டுவதைவிட இது பலன் தரும், செலவும் இல்லை.

‘பார்மசிக்கு எதற்கு இவ்வளவு கணக்கு?’ என்று மகள் கேட்டால் பனடோலைக் காட்டுங்கள். அதில் உள்ள பாராசிட்டமோல் சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறி, பிறகு 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதி பாதியாகக் குறையும். எத்தனை மணிக்கு அது இந்த அளவுக்குக் கீழே போகும், அடுத்த மாத்திரை எப்போது என்று கணக்கிட வேண்டுமென்றால் மடக்கை வேண்டும். அது படிவம் 4 கூடுதல் கணிதத்தின் நான்காம் அத்தியாயம். எந்த வேகத்தில் குறைகிறது என்று கேட்டால் வகையிடல் வேண்டும். அது படிவம் 5. மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுடன் நிற்பவர் அந்தக் கணக்கையெல்லாம் தாண்டித்தான் வந்திருக்கிறார்.

நாத்தனார் சொன்ன தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆலோசனை ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு நாத்தனார் மூலமாகவோ மாமா மூலமாகவோ வந்துவிடுகிறது. உணர்ச்சிவசப்படாமல், விரல் விட்டு எண்ணிப் பார்ப்போம். மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி, ஐந்து. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம், நான்கு. மொத்தம் ஒன்பது. 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வோ அதற்கு மேலோ எடுக்கும் மாணவர்கள் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு, மிச்சம் 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும் என்ற பங்கீட்டில் நம் பிள்ளைகள் எத்தனை வருடம் அடிபட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒன்பது பாடம் எடுக்கும் பிள்ளைக்கு எங்கிருந்து பத்து ஏ வரும்? அந்தப் பத்தாவது பாடம் தமிழ். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு வேறு எந்தப் பத்தாவது பாடம் இதைவிடச் சுலபமாக இருக்கப்போகிறது? ஆர்வமிருந்தால் தமிழ் இலக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பள்ளிக்கு வெளியே வகுப்பும் நேரமும் வேண்டும். முதல் ஆண்டு கூடுதல் கணிதம் நிலைக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

பள்ளியில் தமிழ் கால அட்டவணையில் இல்லை, மாலையில்தான் வகுப்பு என்றால் அதற்காக விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் இல்லை என்றால் பெற்றோர் சிலராகச் சேர்ந்து பள்ளி நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். ஒருவர் வாய்மொழியாகக் கேட்பதற்கும் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எஸ்.பி.எம். முடிந்தபின் உங்களுக்கு அதிகச் செலவில்லாத வழிகள் இரண்டு. மெட்ரிகுலேஷன் கிடைத்தால் பெரும்பாலும் ஓராண்டு. பினாங்கு மாநிலத்துக் கல்லூரி கெப்பாளா பத்தாஸில் இருக்கிறது; பட்டர்வொர்த்துக்குப் பக்கம். எங்கே அனுப்புவார்கள் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை. மெட்ரிகுலேஷனின் அறிவியல் பிரிவுக்கும் கூடுதல் கணிதத்தில், வேதியியலில் கிரெடிட் கேட்கிறார்கள். கிடைக்காவிட்டால் எஸ்.டி.பி.எம்.: மூன்று செமஸ்டர், ஒன்றரை ஆண்டு, அரசாங்கப் பள்ளியில். ‘அது கஷ்டம்’ என்று நம்மவர்கள் ஒதுங்குவது எனக்கு வருத்தம்தான். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாடு முழுக்கச் செல்லுபடியாகிறது, வெளிநாட்டிலும் மதிக்கிறார்கள். அதில் பொதுப் பாடம் கட்டாயம், அதோடு மூன்று பாடம். உங்கள் மகள் வேதியியல், உயிரியல், கணிதம் எடுத்தால் போதும். இயற்பியலை அங்கே இறக்கி வைத்துவிடலாம். படிவம் 4-இல் எடுத்த இயற்பியல் எஸ்.பி.எம். தகுதியை நிரப்பிவிட்டிருக்கும். எனவே இயற்பியல் வாழ்நாள் சுமை இல்லை, இரண்டு வருடம் மட்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். கணிதம் அப்படி இல்லை. எஸ்.டி.பி.எம். கணிதத்தின் இரண்டாவது செமஸ்டர் பெரும்பாலும் வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள். படிவம் 5 கூடுதல் கணிதம் முடிகிற இடத்திலிருந்து அது தொடங்குகிறது. அதைப் படிக்காத பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால் முதல் மாதத்திலேயே திணறிவிடும்.

தனியார் கல்லூரிக்காரர்கள் கண்காட்சிகளில் பையும் பேனாவும் கொடுத்து, பட்டப்படிப்புக்கு முன் படிக்கும் அடிப்படைப் படிப்பில் (ஃபவுண்டேஷன்) சேரச் சொல்வார்கள். பல அடிப்படைப் படிப்புகள் அந்தக் கல்லூரியின் சொந்தப் பட்டப்படிப்புக்கு மட்டுமே கொண்டுபோய் விடும். முன்பணம் கட்டுமுன், ‘இதை வைத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா?’ என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை நம்ப வேண்டாம்.

குறைந்தபட்சத் தகுதி இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். எழுதப்பட்டிருப்பது விண்ணப்பிக்க வேண்டிய அளவு. பார்மசி போன்ற படிப்புகளில் போட்டி, சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ.வின் உச்சம் 4.00-ஐ ஒட்டி நடக்கிறது. மெரிட் கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்துக்காக எட்டுக் கிளப்பில் சேர வேண்டாம். ஒரு சீருடை இயக்கம், ஒரு விளையாட்டு, ஒரு மன்றம், கூடவே பொறுப்பு ஏதாவது ஒன்று. சான்றிதழ்களை மட்டும் ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்திருங்கள். கடைசி நேரத்தில் அலமாரியைக் கவிழ்க்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஆங்கிலத்துக்கு மூயெட் தேர்வு பிறகு வரும். இப்போது அதற்கான டியூஷன் தேவையில்லை. தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசித்தால் போதும்.

இங்கேயே யூ.எஸ்.எம். என்று எழுதியிருந்தீர்கள். 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்று தொடங்கியது அது. நாட்டின் முதல் பார்மசிப் பள்ளி 1972-இல் அங்கேதான் வந்தது. இன்றும் அது தீவிலுள்ள மிண்டன் வளாகத்தில் இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் நாளை மகள் மனம் மாறி மருத்துவம் என்றால், அதே யூ.எஸ்.எம்.மின் மருத்துவப் பள்ளி கிளந்தானில், குபாங் கெரியானில். பொறியியல் என்றால் பெருநிலத்தில், நிபோங் திபாலில். ‘வீட்டிலிருந்தே போய்வரலாம்’ என்று குடும்பம் முடிவு செய்யும்போது எந்த வளாகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆசையில் பேசுகிறார். எம்.ஐ.டி. இந்தப் பாடங்களைக் கட்டாயம் என்று சொல்வதில்லை. கால்குலஸ் வரை கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வோர் ஆண்டாவது படித்திருப்பது நல்லது என்று பரிந்துரைக்கிறது. கால்டெக் கணிதம், இயற்பியல், வேதியியலைக் கட்டாயமாகக் கேட்டுவந்த இடம். 2023-இல், தன் பள்ளியில் அந்தப் பாடங்களே கிடைக்காத மாணவர்கள் வேறு வழியில் தேர்ச்சியை நிரூபிக்கலாம் என்று தளர்த்தியது. கவனியுங்கள், பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளியில் இல்லாவிட்டாலும் எங்காவது படித்துக் காட்டு என்கிறது. உங்கள் மகளின் பள்ளியிலோ எல்லாம் இருக்கிறது. கால்டெக் இருக்கும் பசடீனா ஆனாலும் பினாங்கு ஆனாலும் கேட்பது அதே பாடங்களைத்தான் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவரும் நம் பக்கம் சேர்ந்துவிடுவார்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை என்பதால் ஒரு சிறு விஷயம். அறிவியலைத் தமிழில் புரிந்துகொண்டவர்களுக்கு இடைநிலைப்பள்ளியில் கருத்து புதிதல்ல, சொல்தான் புதிது. ஆவியாதல் தெரியும், அதையே தாளில் மலாயில் ‘பெஞெஜாத்தான்’ என்று பார்த்தால் குழம்பும். மூன்று பத்தி போட்ட சிறு நோட்டு ஒன்றில் தமிழ், மலாய், ஆங்கிலச் சொற்களை அவளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். மூன்று மொழியில் ஒரு பொருளைத் தெரிந்தவள் அவள். வகுப்பில் பலருக்கு அது கிடையாது.

வியாழக்கிழமை இரவு பாரத்தை மேசையில் வைப்பதற்கு முன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ. இணையதளத்தைத் திறந்து, யூ.எஸ்.எம். பார்மசியின் சிறப்புத் தகுதிப் பக்கத்தை மகளையே படிக்கச் சொல்லுங்கள். பக்கம் மலாயில்தான் இருக்கும். அவள் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், எனவே படிவம் 5 தொடங்கும்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும். வகுப்பாசிரியையிடம் ‘பிள்ளைக்குப் பார்மசி ஆசை, அதனால் இந்தப் பேக்கேஜ்’ என்று ஒரு வரி எழுதி பாரத்தோடு அனுப்புங்கள், அவருக்கும் தெரிந்திருக்கும். அந்தச் செல்சியஸ் கணக்கில் பேனா எந்த வரியில் நின்றது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு டியூஷன் தேவையா இல்லையா என்று சொல்கிறேன்.